திரையில் இரண்டாவது மேடு

தொண்ணூறுகளின் நடுவில் ஆழ்வார்பேட்டையில் ஒரு சின்ன இதய மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். பழைய பங்களா ஒன்றை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். பெரிய டாக்டர் முன்பக்க ஹாலில் நோயாளிகளைப் பார்ப்பார். எக்கோ அறை என் பொறுப்பு. அது மாடிப்படிக்குக் கீழே, முன்பு சாமான் போட்டு வைத்திருந்த அறை. ஜன்னல் கிடையாது. இயந்திரம் சூடாகக்கூடாது என்பதற்காக அங்கே ஏ.சி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் நர்சுகள் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். வேறு யாருக்கும் பெரிதாகத் தோன்றாத அந்த அறை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பில் ஜெல் தடவி, கையளவுக் கருவி ஒன்றை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்தால், திரையில் இதயம் கறுப்பு வெள்ளையில் துடிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் ரத்தம் ஓடுவது சத்தமாகக் கேட்கும். அதே ஓட்டம் திரையில் மேடு மேடாகவும் விழும். டாப்ளர் என்பது அதுதான். முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் பயந்துவிடுவார்கள். குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வருவது போல இருக்கும்.

எக்கோ எடுத்து முடித்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பம்ப்பிங் எப்படி இருக்கு டாக்டர்?" பம்ப்பிங் என்றால் இடது கீழறை. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது அதுதான் என்பதால், நோயாளிகள் மட்டுமல்ல, டாக்டர்களும் அதைத்தான் பார்ப்போம். அதற்கு மேலே இருக்கிற இடது மேலறையை அளந்து ஒரு எண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் முதலில் வந்து சேருவது அங்கேதான். நடுவில் இருக்கும் வால்வு திறந்தவுடன் அதில் பெரும்பகுதி தானாகவே கீழறைக்குள் இறங்கிவிடும். கடைசியில் மேலறை ஒரு தடவை சுருங்கி, மிச்சமிருப்பதையும் தள்ளிவிடும். அதனால் டாப்ளரில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மேடுகள் விழும். முதல் மேடு தானாக இறங்குவது. இரண்டாவது மேடு மேலறை தள்ளுவது. அந்த இரண்டாவது மேட்டின் மேல் எனக்கு ஏனோ ஒரு பிரியம் வந்துவிட்டது. அதைப் பற்றி அப்போது நிறையக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. நூலகத்தில் நகல் எடுத்து வந்து படிப்பேன்.

நோயுள்ள இதயங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல இதயம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருத்துவமனை காலியாக இருந்தபோது என் கணவரை மயிலாப்பூரிலிருந்து ஸ்கூட்டரில் வரச்சொல்லி மேஜையில் படுக்க வைத்தேன். அவர் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். டாக்டர், மருந்து என்றாலே கொஞ்சம் ஒதுங்கி நிற்பவர்.

"ஐயோ, குளிர்றது. இதை என்ன ஐஸ்பெட்டியிலயா வெச்சிருந்தே?"

"பேசாம மூச்சை விட்டுட்டு அப்படியே இருங்கோ. ஆடினா படம் கெட்டுப்போயிடும்."

இரண்டு மேடுகளும் அழகாக, அச்சில் வார்த்தது போல விழுந்தன. சத்தமும் தெளிவாக இருந்தது. முழுவதையும் வீடியோ டேப்பில் பதிவுசெய்துகொண்டேன்.

"எப்படி இருக்கு என் ஹார்ட்?"

"ரொம்ப சாதாரணமா இருக்கு."

"அவ்வளவுதானா? ஒரு விசேஷமும் இல்லையா?"

"விசேஷம் இருந்திருந்தா நான் இப்படிச் சிரிச்சிண்டு நின்னுண்டிருப்பேனா?"

அவருக்கு அது அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. ராயர் கடைக்குப் போய் இட்லி சாப்பிட்ட பிறகுதான் சமாதானமானார். அந்த டேப்பின் மேல் 'நார்மல்' என்று எழுதி ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து ஒரு தம்பதி வந்தார்கள். அந்த மனிதருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். உயரமான, ஒல்லியான ஆள். கைகளில் பழைய வெட்டுக்காயங்களின் தழும்புகள் கோடு கோடாக இருந்தன. கூட வந்த மனைவி குட்டையான, சுறுசுறுப்பான பெண்மணி. நூல் கோத்த ஊசி ஒன்று அவர் ரவிக்கைக் கையில் குத்தியிருந்தது. தி. நகரில் ஒரு புடவைக் கடை வாசலில் உட்கார்ந்து புடவைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பது அவர் வேலை.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்று அவரிடம் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணியும் பண்ணல மேடம். மைக்குக்குத்தான் ப்ராப்ளம்."

எனக்குப் புரியவில்லை. மனைவி குறுக்கே வந்தார். "ஒயுங்கா சொல்லுய்யா. டாக்டரம்மா, இவரு கோடம்பாக்கத்துல சினிமாவுக்கு எஃபெக்ட்ஸ் குடுக்கிறவரு. படத்துல ஈரோ நடந்து போறாருல்ல? அந்தச் செருப்புச் சத்தம் இவருதான். கதவு தொறக்கிறது, கண்ணாடி ஒடையறது, குதிர ஓடறது, எல்லாம் இவருதான்."

அதற்குப் பிறகு அவரே சொன்னார். திரையில் படத்தை ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே மைக்கின் முன்னால் சத்தங்களை உண்டாக்க வேண்டும். கதாநாயகன் ஓடினால் இவரும் நின்ற இடத்திலேயே மணல் தொட்டியில் ஓட வேண்டும். சில மாதங்களாக, நாலு அடி ஓடியதும் மூச்சு இரைத்தது. அதை அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் ஒருநாள் டேக்கை நிறுத்திவிட்டு, "அண்ணே, உங்க மூச்சுச் சத்தம் விழுதுண்ணே" என்று சொல்லிவிட்டார். அடுத்த டேக்கிலும் விழுந்தது. அதற்கடுத்ததிலும் விழுந்தது. அன்றைக்கு அவரை உட்காரச்சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டார்களாம்.

"கோடம்பாக்கம் பிரிட்ஜுல சைக்கிள மிதிச்சிக்கினே ஏறிடுவேன் மேடம். இப்போ பாதியிலயே எறங்கித் தள்ளிக்கினு போறேன்."

"ராத்திரில ரெண்டு தலகாணி வெச்சிக் குந்திக்கினேதான் தூங்கறாரு," என்றார் மனைவி. "அத்தச் சொல்ல மாட்டாரு."

முன்பு பார்த்த டாக்டர் எக்கோ எடுத்துவிட்டு, பம்ப்பிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று வாயால் உள்ளிழுக்கும் மருந்து கொடுத்திருந்தார். அதில் பலன் தெரியவில்லை. ரத்த அழுத்தம் பல வருஷங்களாகவே இருந்தது. மாத்திரையை நினைத்தபோது போட்டுக்கொள்வார்.

எக்கோ மேஜையில் அவரைப் படுக்க வைத்தேன். கீழறை உண்மையிலேயே நன்றாகத்தான் சுருங்கிக்கொண்டிருந்தது. முன்பு பார்த்த டாக்டர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதன் சுவர் தடித்து, விறைத்துப்போயிருந்தது. விறைத்த அறைக்குள் ரத்தம் சுலபமாக இறங்காது. அந்த மாதிரி நேரத்தில் மேலறை தள்ளுகிற அந்தக் கடைசித் தள்ளல்தான் காப்பாற்றும். இவருடைய மேலறை பெரிதாக உப்பியிருந்தது. டாப்ளரை வைத்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே ஒரு மேடுதான் விழுந்தது. அதுவும் தாறுமாறான இடைவெளியில். இரண்டாவது மேடு இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடந்தது. ஈ.சி.ஜி.யும் அதையே சொன்னது. மேலறை தாளம் தப்பி, சுருங்குவதற்குப் பதிலாக நடுங்கிக்கொண்டு மட்டும் இருந்தது. தள்ளப்படாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் அழுத்தியதால்தான் மூச்சு வாங்கியது.

இதையெல்லாம் எளிமையாக்கி அவர்களுக்குச் சொன்னேன். மனைவி கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ கீய் ரூமு நல்லா கீது. மேல் ரூம்தான் வேல செய்யல. அதானே?"

"அதேதான்."

"இவருக்கு மேல்மாடி காலின்னு கண்ணாலம் கட்ன நாளா நான் சொல்லிக்கினு கீறேன். நீங்க இப்பதான் கண்டுபிடிச்சீங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜையில் படுத்திருந்த அவரும் சிரித்தார். சிரித்ததில் படம் குலுங்கியது.

பெரிய டாக்டரும் நானும் பேசி முடிவு செய்தோம். முதலில் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மாத்திரையால் அடக்குவது. உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றுவது. நடுங்குகிற மேலறைக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்பதால் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்துச் சில வாரங்கள் காத்திருப்பது. அதன் பிறகு மயக்கம் கொடுத்து, மார்பில் ஒரே ஒரு ஷாக் கொடுத்துத் தாளத்தைத் திருப்புவது.

"அந்த மாத்திரை சாப்பிடற வரைக்கும் காயம் பட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது. நீங்க கண்ணாடியைத் தொடவே கூடாது," என்றேன்.

அவர் முகம் அப்போதுதான் வாடியது. ஷாக் என்று சொன்னபோதுகூட அவர் அசையவில்லை. "ஃபைட் சீனே கண்ணாடிலதான மேடம் கீது," என்றார் மெதுவாக.

நீர் வெளியேறியதும் மூச்சு கொஞ்சம் தேறியது. ஆனாலும் மாடிப்படி ஏறினால் இரைத்தது. ஷாக் கொடுத்த அன்று அவர் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கத்திரிப்பூ நிறப் புடவைக்கு ஃபால் தைத்துக்கொண்டிருந்தார்.  அதே ஓரத்தை இரண்டு தடவை தைத்துவிட்டதாக அப்புறம் என்னிடம் சொன்னார். உள்ளே, பெரிய டாக்டர் பொத்தானை அழுத்தியதும் மயக்கத்தில் இருந்தவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. மானிட்டரில் கோடு சிறிது நேரம் தட்டையாக ஓடியது. பிறகு ஒன்று, இன்னொன்று என்று சீராகத் துடிக்க ஆரம்பித்தது. எல்லோரும் மூச்சு விட்டோம்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தவர் முதலில் கேட்டது, "டேக் ஓகேவா?"

"ஓகே," என்றார் பெரிய டாக்டர். அந்த மனிதர் வேலை நேரத்தில் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அன்று சாயங்காலம் எக்கோ எடுத்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தாளம் சீராகிவிட்டது. மேடுகள் சம இடைவெளியில் வந்தன. ஆனால் இன்னமும் ஒரே ஒரு மேடுதான். இதயத்தின் மின்சாரம் திரும்பிவிட்டது, மேலறையின் தசை மட்டும் இன்னும் விழிக்கவில்லை. இப்படி ஆகும் என்று படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பது வேறு.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "வரும். சிலருக்கு நாலஞ்சு வாரம்கூட ஆகும். சிலருக்கு வராமலும் போகலாம்," என்றார். "அது வர்ற வரைக்கும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நிறுத்தவே கூடாது. வாரா வாரம் பாக்கணும்னு ஆசைன்னா பாரு. மெஷின் சும்மாத்தானே இருக்கு மத்தியானத்துல."

அப்படித்தான் வியாழக்கிழமை மத்தியானங்கள் ஆரம்பித்தன. நான் டிபன் டப்பாவைக் காலி செய்துவிட்டு வருவதற்குள் அவர்கள் இரண்டு பேரும் எக்கோ அறை வாசலில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் வியாழக்கிழமை அவர் டாப்ளர் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஒத்தக் கால்ல நொண்டிக்கினு போற மாதிரி கீது மேடம். ரெண்டாவது அடி விழ மாட்டேங்குது."

"சரியாச் சொன்னீங்க. அந்த ரெண்டாவது அடிதான் வரணும்."

"சரியான சத்தம் எப்படி இருக்கும்னு ஒரு தபா கேக்கணுமே. மாதிரி தெரிஞ்சாத்தான புடிக்க முடியும்."

எனக்கு அந்த டேப் ஞாபகம் வந்தது. அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டேன். இருட்டறையில் என் கணவரின் இதயம் திரையில் துடித்தது. பெரிய இரைச்சல், உடனே ஒரு சின்ன இரைச்சல். மறுபடியும் பெரியது, சின்னது. அவர் தலையை லேசாக ஆட்டி ஆட்டிக் கேட்டார். விரலால் மேஜையில் தட்டிப் பார்த்தார்.

"நல்ல ரிதம் மேடம். யாரோடது இது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யய்யோ டாக்டரம்மா! வூட்டுக்காரர் மனச டேப்புல புடிச்சு பீரோல வெச்சிக்கினு கீறீங்களா? எனக்கு இத்தினி நாளா தெரியாமப் போச்சே!"

அன்று ராத்திரி சாப்பிடும்போது இதைக் கணவரிடம் சொன்னேன். "பரவாயில்லையே. நம்ம ஹார்ட் சினிமாக்காரர் வரைக்கும் போயிடுத்து," என்று இரண்டு மூன்று நாட்கள் பெருமையாகத் திரிந்தார்.

அடுத்த வியாழக்கிழமை திரையில் எந்த மாற்றமும் இல்லை. மேஜையில் படுத்திருந்தவர் திடீரென்று கையைத் தூக்கினார்.

"வந்துடுச்சு மேடம்! ரெண்டாவது சத்தம் வந்துடுச்சு. கேளுங்க, கேளுங்க!"

நான் திரையைப் பார்த்தேன். கருவியைக் கொஞ்சம் நகர்த்தி, சாய்த்து, மறுபடியும் பார்த்தேன். மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அது இருக்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது. இருட்டில் ஒரு கணம் ஏதோ மெல்ல மேலெழுந்தது போலக்கூடத் தோன்றியது. ஆனால் படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தால் அந்த இடம் தட்டையாகத்தான் இருந்தது.

"இல்லைங்க," என்றேன். "இன்னும் வரலை."

"நல்லாப் பாருங்க மேடம். என் காதுல விழுந்துச்சு."

"மூணு தடவை பார்த்துட்டேன். இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடுங்க."

அவர் எழுந்து ஜெல்லைத் துடைத்துக்கொண்டு சட்டையைப் போட்டார். வழக்கமாகச் சொல்கிற "வரேன் மேடம்" அன்று வரவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவர்கள் வரவில்லை. மத்தியானம் முழுக்க இயந்திரத்தைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாத்திரையையும் நிறுத்திவிட்டாரோ என்ற கவலை ஒரு பக்கம். நிறுத்தாமலே போய்க் கண்ணாடியை உடைத்துக் கையை வெட்டிக்கொண்டுவிட்டால் என்ற கவலை இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை ஃபால் தைக்க வேண்டிய புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு தி. நகருக்குப் போனேன். தைக்க வேண்டியிருந்தது நிஜம்தான், ஆனால் அதற்காக மட்டும் போகவில்லை. கடை வாசலில் குடைக்கடியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா சொல்லட்டும் டாக்டரம்மா? மாத்திர எல்லாம் ஒயுங்கா முயுங்கறாரு. நான் வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கறேன். ஆனா காலைலயே ஸ்டூடியோவுக்குப் போயிட்டாரு. பெரிய படம், கூப்ட்டுக்கினே இருந்தாங்க. வியாயக்கெயம வாய்யான்னா, 'எனக்கு வேல கீது'ன்னுட்டாரு."

"கண்ணாடி வேலையா?"

"தெரியலியே!" அவர் முகம் மாறியது. "வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்." பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு ஆட்டோவை நிறுத்தினார்.

ஸ்டூடியோவுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ரெக்கார்டிங் தியேட்டரில் இன்ஜினியர் உதட்டில் விரலை வைத்து எங்களைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய திரையில் கதாநாயகன் சத்தமே இல்லாமல் மழையில் நடந்துகொண்டிருந்தான். தரையில் மணல், கருங்கல் ஜல்லி, பலகை என்று தொட்டி தொட்டியாக வைத்திருந்தார்கள். வேறொரு ஆள் ஈரச் சாக்கின் மேல் நடந்துகொண்டிருந்தார். நம் ஆள் மைக்கின் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, முறத்தில் கடுகைப் பரப்பி மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் மழை பெய்தது. கதாநாயகன் மரத்தடிக்குப் போனதும் மழை தானாக மங்கியது. அவன் வெளியே வந்ததும் மறுபடியும் கொட்டியது. பார்த்துக்கொண்டே இருந்ததில், வந்த காரியத்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

அடுத்து சண்டைக் காட்சி.  கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் எழுந்து நாலடி தள்ளிப் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார். உடைத்தது மற்றவர். இவர் எட்டத்திலிருந்து கையால் மட்டும் காட்டினார். இப்போது, இப்போது இல்லை, இப்போது.

டேக் முடிந்து விளக்கைப் போட்டதும் எங்களைப் பார்த்துவிட்டார். தயங்கித் தயங்கி வெளியே வந்தார். வராந்தாவில் வேப்பமரத்து நிழலில் நின்று பேசினோம்.

"கண்ணாடியத் தொடல மேடம். நீங்களே பாத்தீங்கல்ல."

"பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். ஆனா ஏன் வரலை? என் மேல கோபமா?"

"கோவம் இல்ல மேடம்." கொஞ்ச நேரம் கையில் ஒட்டியிருந்த கடுகைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். "வெக்கமாப் பூட்ச்சு. இத்தினி வருசமா இந்தக் காத வெச்சிதான் பொயப்பு நடத்தறேன். இல்லாத சத்தம் காதுல விழுந்துச்சுன்னா, அப்பால நான் இன்னாத்துக்கு?"

அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 

"அன்னைக்கு நீங்க சொன்ன உடனே எனக்கும் திரையில ஏதோ தெரிஞ்ச மாதிரிதான் இருந்தது," என்றேன். "அதனாலதான் மூணு தடவை பார்த்தேன். ஆசைப்பட்டா கண்ணும் அப்படித்தான் பண்ணும், காதும் அப்படித்தான் பண்ணும். உங்க காதுல ஒரு குறையும் இல்லை."

"நெஜமாவா? உங்களுக்கும் தெரிஞ்சிச்சா?"

"நிஜமா."

அன்று முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்த்திச் சிரித்தார். உள்ளே இருந்து இன்ஜினியர் எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கு மூச்சு விழலண்ணே. க்ளீனா இருக்கு," என்றார். "குந்திக்கினே பண்ணா எங்கடா விழும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே போனார். வியாழக்கிழமை வருவதாகப் போகிற போக்கில் கத்தினார்.

வந்தார். ஏறிப் படுத்தார். அன்று வெளியே நல்ல மழை. அவர் தலையிலிருந்து சொட்டிய தண்ணீரை மனைவி முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கருவியை வைத்தேன். முதல் மேடு வந்தது. அதன் பின்னால், ஒரு விரல் நகம் அளவுக்கு, மெலிதாக ஒரு மேடு. அடுத்த துடிப்பிலும் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்ததிலும்.  கோணத்தை மாற்றிப் பார்த்தேன், படத்தை நிறுத்திப் பார்த்தேன், மூச்சை இழுக்கச் சொல்லிப் பார்த்தேன். அது போகவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

"என்ன கேக்குது உங்களுக்கு?" என்றேன்.

"ஒத்தக் கால்தான் மேடம் கேக்குது," என்றார், கண்ணைத் திறக்காமலே. இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று அவர் முடிவு செய்திருந்தது தெரிந்தது.

"கண்ணைத் திறந்து இங்கே பாருங்க."

படத்தை நிறுத்தி, விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"இத்துனூண்டா?" என்றார் அவர்.

"இத்துனூண்டுதான். இப்போதான் முழிச்சிருக்கு. வளரும்."

"வந்துடுச்சா டாக்டரம்மா? மெய்யாலுமா?" மனைவி திரையின் மேல் விரலை வைத்துவிட்டு, சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு அவர் தோளில் ஒரு அடி வைத்தார். "வராதுன்னு மூஞ்சத் தூக்கிக்கினு திரிஞ்சியே!"

நான் ஹாலுக்கு ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "ம்," என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

வாரா வாரம் அந்த மேடு வளர்ந்தது. பாதி அளவுக்கு வந்தபோது அவர் காதிலும் விழுந்தது. அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து நான் தலையசைத்த பிறகுதான் வாயைத் திறந்தார். சில மாதங்களில் இரண்டாவது மேடு முதலாவதைவிட உயரமாகவே ஆகிவிட்டது. விறைத்த இதயத்தில் மேலறை கூடுதலாக உழைக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது என் கணவருடைய இதயம் மாதிரி சாதாரண இதயம் அல்ல, இனிமேலும் ஆகாது. ஆனால் உழைத்துக்கொண்டிருந்தது, அது போதும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆயுசு முழுக்க என்று சொன்னபோது, "நான் பாத்துக்கிறேன்" என்று மனைவிதான் பதில் சொன்னார். உறையாமல் இருப்பதற்கான மாத்திரையைக் கொஞ்ச காலம் கழித்து நிறுத்தினோம். நிறுத்திய வாரமே கண்ணாடி உடைக்கப் போய்விட்டார்.

கோடம்பாக்கம் பிரிட்ஜில் சைக்கிளை விட்டு இறங்காமல் ஏறியதைச் சொல்வதற்காகவே ஒருநாள், வியாழக்கிழமைகூட இல்லை, மருத்துவமனைக்கு வந்தார். நான் நோயாளியோடு இருந்ததால் நர்சிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நர்ஸ் வந்து, "மேடம், யாரோ ஒருத்தர் வந்து, பிரிட்ஜு ஏறிட்டேன்னு மேடத்துகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு. என்ன பிரிட்ஜு மேடம்?" என்று குழம்பிப்போய்க் கேட்டாள்.

அவரைக் கவனித்த பிறகு, பம்ப்பிங் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறது என்று யார் வந்தாலும் நான் மேலறையில் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று பார்க்க ஆரம்பித்தேன். எல்லோருக்கும் விடை அங்கேயே கிடைத்துவிடவில்லை. சிலருக்குக் கிடைத்தது. பெரிய டாக்டரும் தன் நோயாளிகளை உள்ளே அனுப்பும்போது "மேலறையையும் பாரு" என்று சொல்லத் தொடங்கினார்.

இடையில் ஒரு தடவை நம் எஃபெக்ட்ஸ்காரருக்குத் தாளம் மறுபடியும் தப்பியது. இந்த முறை உடனே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டோம், மேடும் சீக்கிரமாகவே திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொண்டு போவார். அப்படி ஒரு மத்தியானம், நான் ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டிருந்தபோது மேஜையிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது. ஏ.சி. குளிரில், ஒரே தலையணையில் மல்லாந்து நன்றாகத் தூங்கிவிட்டார்.

"எழுப்பாதீங்க டாக்டரம்மா," என்றார் மனைவி. "காலைலேர்ந்து யுத்த சீனு. குதிரயா ஓடிக்கினு இருந்தாரு."

அடுத்த நோயாளி வர நேரமிருந்தது. நர்சிடம் கதவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் அவர் மனைவியும் தெருமுனை ஓட்டலுக்குப் போய் ரவா தோசை சாப்பிட்டோம். அவர் தன் பெரிய மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பையன் நல்ல மாதிரி, ஆனால் ரொம்பப் பேசுகிறான் என்றார். நான் என் கணவர் ரொம்பப் பேசாததைப் பற்றிச் சொன்னேன். இரண்டில் எது தேவலை என்று காபி ஆறும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாக நடந்து திரும்பினோம்.